செத்த ஆணின் குஞ்சுகள்

ஜூன் 4

என் அண்ணன் பெத்த கண்ணுக்கு,

அத்தை எழுதிக்கிறேன். ஆண்டவன் விட்ட வழியில உசிரோட இருக்கேன். சுகம்னு எழுதக் கை வரல. சின்னவன் போயி நாலரை மாசம் ஆகுது. லிப்ட் ரிப்பேர் பாக்கப் போன புள்ள அந்த லிப்ட் குழிக்குள்ளயே விழுவான்னு யார் கண்டா? காலையில சட்டையில பொத்தான் தைச்சுக் குடுத்தேன். சாயங்காலம் அந்தச் சட்டைய ஒரு பையில போட்டு என் கையில குடுத்தாங்க.

நீ சாவுக்கும் வரல. லீவு குடுக்கலன்னு சொன்ன. சரி. ஒம்பது வருஷமா இந்த வீட்டுப் படிய நீ மிதிக்கல, அதுக்கும் லீவுதான் காரணமான்னு கேட்டா அத்தை வம்புக்காரின்னு சொல்லுவ. கேக்கல.

போன் பண்ணலாமேன்னு கேட்டிருந்த. நம்ம சலவைக் கடை போன் பெரியவன் மேசையில இருக்கு. துவைக்கிற மிஷின் மூணும் ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது. எனக்குக் கடுதாசிதான் வசதி. இழுத்து இழுத்துப் பேசலாம், யாரும் குறுக்கப் பேசமாட்டாங்க.

வீட்டுல இப்ப நாலே பேரு. நான், பெரியவன், அவன் பொண்டாட்டி பெரியவ, அப்புறம் சின்னவன் விட்டுட்டுப் போன பொண்டாட்டி சின்னவ. அப்பன் ஆத்தா இல்லாத புள்ள அது, எங்க போகும்? இங்கயே துணி மடிக்குது. வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பத்து நாளா ஒரு கிறுக்கு புடிச்சிருக்கு. ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் காயப்போடுற ரூம்ல போடாம, ஈரத்தோட தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போகுது. மழை பெய்யுதுடி, ரூம்ல சூட்டுக் காத்து சும்மா கெடக்குன்னாலும் மறுபடி ஏறுது. நனைஞ்சு வந்து நிக்குது. பெரியவன் பாவம், "விடும்மா, துக்கத்துல இருக்கா"ன்னு தாங்கிப் பேசுறான்.

நீ அங்க என்னதான் வேலை பாக்குற? கேக்குறவங்களுக்கு மீன் ஆராய்ச்சின்னு சொல்றேன். "சமைக்கவா"ன்னு கேக்குறாங்க. புரியிற மாதிரி நாலு வரி எழுது. ராத்திரி பிரார்த்தனையில உன் பேரத்தான் முதல்ல சொல்றேன்.

உன் அத்தை


ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வராததற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. சின்ன அத்தானின் முகம் தினமும் வருகிறது. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

என் வேலையைக் கேட்டீர்கள். நீளமான ஓர் அறை, அதில் இருநூறு கண்ணாடித் தொட்டிகள். எல்லாவற்றிலும் கப்பி மீன். கடைகளில் பார்த்திருப்பீர்கள், சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. ஆணுக்கு மட்டும் வாலில் வண்ணம். இவை முட்டை போடுவதில்லை. வயிற்றிலேயே வளர்த்துக் குஞ்சாகப் பெற்றுப்போடும். பெற்ற குஞ்சைப் பசித்தால் தாயே தின்றுவிடுவதும் உண்டு, அதற்காக அவற்றைத் திட்டாதீர்கள்.

எது எதோடு சேருகிறது, யாருடைய குஞ்சு பிழைக்கிறது, பல தலைமுறையில் அந்த இனம் எப்படி மாறுகிறது என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. ஆண் மீன் பெண்ணின் முன்னால் வந்து உடம்பை வளைத்து நடுங்கிக் காட்டும். பெண் பார்க்கும், பிடித்தால் நிற்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். பளிச்சென்ற நிறம் பெண்ணுக்குப் பிடிக்கும். ஆனால் பெரிய மீன்கள் இருக்கும் ஓடையில் அவை அந்தப் பளிச்சென்ற ஆணைத்தான் முதலில் தின்னும். அதனால் அங்கே சில தலைமுறைகளில் ஆண்கள் மங்கலாகிவிடுகின்றன. அழகுக்கும் உயிருக்கும் நடக்கிற பேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஆணும் முன்னால் வந்து கேட்பதில்லை. பின்னாலிருந்து வந்து, கேட்காமல், ஒரு நொடியில் காரியத்தை முடித்துக்கொள்ளும் ஆண்களும் உண்டு. நாள் முழுக்க விடாமல் துரத்தும். பெண்ணுக்கு இரை தேடக்கூட நேரம் கிடைக்காது. அந்தத் தொல்லை தாங்காமல் பெண் மீன்கள் பெரிய மீன் திரிகிற ஆழத்துக்குப் போய் நிற்கும். அங்கே செத்துப்போகலாம் என்பது தெரிந்தே போகும். ஏனென்றால் ஆண்கள் அங்கே அதிகம் வருவதில்லை.

இதையெல்லாம் விட்டுவிடுங்கள். உங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெண் மீன் ஆணின் வித்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் வைத்துக் காப்பாற்றும். ஆண் செத்து எட்டு மாதம், பத்து மாதம் கழித்துக்கூட அதன் குஞ்சு பிறக்கும். போன வருடம் செத்த ஓர் ஆணின் ஆரஞ்சுப் புள்ளி இந்த வாரம் ஒரு குஞ்சின் வாலில் தெரிந்தது. நான் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனவர்கள் முழுக்கப் போவதில்லை அத்தை.

உங்கள் அன்பு
அண்ணன் மகள்


ஆகஸ்ட் 10

என் கண்ணே, மீன்காரி, நீ நூறு வருஷம் இருக்கணும்!

உன் கடுதாசிய சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கேன். ஏன்னு சொல்றேன், உக்காந்து படி.

சின்னவ போன வாரம் மடிக்கிற மேசையிலயே மயங்கி விழுந்தா. டாக்டரம்மா பாத்துட்டு மூணு மாசம்னு சொன்னாங்க. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. சின்னவன் போயி ஏழு மாசம் ஆகப்போகுது. வீட்டுக்கு வந்ததும் பெரியவ ஆரம்பிச்சா. "யாருதுன்னு கேளுங்க அத்தை. கேட்டுட்டு வெளிய அனுப்புங்க. கடைக்கு வர்றவங்க மூஞ்சிய நாளைக்கு எப்படிப் பாக்குறது?" சின்னவ தரையவே பாத்துக்கிட்டு நின்னா.

நான் உள்ள போயி ஆண்டவன்கிட்ட கேட்டேன். ஒரு புள்ளைய எடுத்துக்கிட்ட, இப்ப இந்த அசிங்கத்தையும் குடுத்தியேன்னு அழுதேன். தலையத் தூக்குறேன், படத்துக்குக் கீழ உன் கடுதாசி! எடுத்துக்கிட்டு ஓடிவந்து எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிச்சேன். ஆண் செத்து பத்து மாசம் ஆனாலும் அதோட குஞ்சு பிறக்கும்னு எழுதியிருக்கியே, அந்த இடத்த ரெண்டு தரம் படிச்சேன்.

பெரியவ சிரிக்கிறா. "அத்தை, அது மீனு. இவளுக்கு எங்க இருக்கு வாலு?"

"மீனுக்குக் குடுத்த ஆண்டவன் மனுஷிக்குக் குடுக்கமாட்டானா? மீன விட என் மருமக மட்டமாடி?"ன்னு கேட்டேன்.

பெரியவன் இஸ்திரி மிஷின நிறுத்திட்டு வந்தான். நான் பயந்துட்டேன், இவன் என்ன சொல்லப்போறானோன்னு. அவன் உடனே, "படிச்சவ எழுதினது பொய்யா இருக்குமா? அம்மா சொல்றதுதான் சரி. அது தம்பி குழந்தை. இனிமே இதப் பத்தி யாரும் பேசக்கூடாது"ன்னுட்டான். எம்புள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தியா?

சின்னவதான் புரியல. சந்தோஷப்படுவான்னு பாத்தேன். என்னையே பாத்துக்கிட்டிருந்துட்டு, "அந்த மீனு தண்ணிய விட்டு வெளிய வந்தா எவ்வளவு நேரம் உசிரோட இருக்கும் அத்தை?"ன்னு கேட்டா. என்ன கேள்வி இது, சொல்லு. வாயும் வயிறுமா இருக்கிறவ பேசுற பேச்சா?

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். பெரியவ இன்னும் முணுமுணுக்குறா. மனுஷங்களுக்கும் அப்படி நடக்கும்னு ஒரே ஒரு வரி எழுதிடு. படிச்ச படிப்ப எல்லாம் பேருக்குப் பின்னால போட்டுக் கையெழுத்துப் போடு. அது வந்தா இவ இந்த வீட்டுல இருப்பா. இல்லாட்டி பெரியவ இவள ஒரு நாள் தெருவுல நிறுத்திடுவா.

உன் அத்தை


ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத ஐந்து தாள் கிழித்தேன்.

நான் எழுதியது கப்பி மீனைப் பற்றி. உடம்பைப் பற்றி நமக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது. இதற்கு மேல் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். ஆனால் உங்கள் பெரிய மகன் சொன்னபடி, யாரும் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது இப்போதைக்கு நல்லதுதான்.

அவளை வெளியே அனுப்பாதீர்கள். துணி தூக்க விடாதீர்கள். காயப்போடும் அறைக்கு அவள் போக மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், தயவுசெய்து. ராத்திரி உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லுங்கள்.

அண்ணன் மகள்


பிப்ரவரி 17

என் கண்ணுக்கு,

நம்ம வீட்டுக்கு ஆம்பளைப் புள்ள வந்திருக்கு! எட்டாம் தேதி காலையில பிறந்தான். ரெண்டே முக்கால் கிலோ. சின்னவனே திரும்பி வந்துட்டான்னு நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல முட்டி போட்டுட்டேன். நர்ஸு, "எழுந்திருங்கம்மா, தரை தொடைக்கணும்"னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கல.

நீ அந்த வரிய எழுதாட்டியும் பரவாயில்ல, ஆண்டவனே எழுதிட்டான். புள்ளையோட இடது காது மடல் மேல மடிஞ்சிருக்கு. உங்க மாமாவுக்கு இருந்த அதே காது, பெரியவனுக்கும் இருக்கே, அச்சு அசல் அது! பெரியவ குழந்தையத் தூக்கிப் பாத்துட்டு, "சின்னவருக்கு இந்தக் காது இல்லியே அத்தை"ன்னா. "தாத்தன் சாயல் தாவி வரும்டி"ன்னேன். அவ புருஷனையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் குழந்தையக் கட்டில்ல போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா. பொறாமை, வேற என்ன? அவளுக்கு இன்னும் வயிறு திறக்கல.

சின்னவ நடவடிக்கைதான் சரியில்ல. குழந்தைய நாங்க எடுத்துக் குடுத்தாத்தான் வாங்குறா. பால் குடுக்குறப்ப சுவத்தப் பாத்துக்கிறா. என் பக்கத்துல படுக்க வைன்னு எழுதியிருந்த. ரெண்டு மாசம் படுத்தா. அப்புறம் நான் குறட்டை விடுறேன்னு சொல்லிட்டு, கீழ தெருக்கதவுகிட்ட மாடிப்படியில போயிப் படுக்குறா. குடிகாரனுங்க வந்து போற தெரு, கதவுக்குத் தாழ்ப்பாள் கூட சரியில்ல. இங்க வீட்டுக்குள்ள இல்லாத பாதுகாப்பு அங்க என்ன இருக்கு? உனக்கு எழுதுன்னு பேனா குடுத்தேன். மூடியத் திறந்து மூடிட்டுக் குடுத்துட்டா.

பெரியவன்தான் ஒரு வழி சொல்லியிருக்கான். காயப்போடுற ரூமுக்குப் பக்கத்துல சாமான் போடுற அறை இருக்குல்ல, அதைக் காலி பண்ணி வெள்ளை அடிச்சு அம்மாவும் புள்ளையும் அங்க இருக்கட்டும், சூடா இருக்கும்ன்றான். அடுத்த மாசம் மாத்திடுவோம். நீயும் ஒரு தரம் வந்து புள்ளையப் பாத்துட்டுப் போ.

உன் அத்தை


மார்ச் 2

அத்தை,

அவளை அந்த அறைக்கு மாற்றாதீர்கள். மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

நான் ஆகஸ்டில் கோழையாக இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளைத் துரத்திவிடுவீர்கள் என்று பயந்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். மனிதரின் வித்து பெண்ணின் உடம்பில் ஐந்தாறு நாளுக்கு மேல் இருக்காது. அது சின்ன அத்தானின் குழந்தை இல்லை.

அந்தக் காது உங்கள் வீட்டுக் காதுதான். மாமா இப்போது உயிரோடு இல்லை. அந்த வீட்டில் இருக்கிற ஆண் ஒருவர்தான். நீங்கள் அதை எழுதும்போதே உங்கள் கை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது காதை வைத்துத் தெரிந்ததல்ல. மழையில் மாடி ஏறுகிறாள் என்று ஜூனில் எழுதினீர்களே, அப்போதே தெரிந்தது. கல்லூரிக்காக உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதே அறை. விரிப்புகளுக்கு நடுவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, கால் மட்டும் தெரியும். கத்தினேன். மிஷின் சத்தம். உங்கள் பெரிய மகனின் கையைக் கடித்துவிட்டு ஓடிவந்தேன். அன்று சாயங்காலமே உங்களிடம் சொன்னேன். நீங்கள் துணிகளுக்கு நம்பர் சீட்டு குத்திக்கொண்டிருந்தீர்கள். "முறைப்பையன் விளையாடியிருப்பான், வெளிய சொன்னா உனக்குத்தான் அசிங்கம்" என்றீர்கள். அடுத்த வாரம் அவருக்கே என்னைக் கட்டிவைக்கிற பேச்சை எடுத்தீர்கள். நான் கிளம்பிவிட்டேன். லீவு இல்லாததால் அல்ல அத்தை.

இங்கே துரத்தப்படும் மீனைப் பார்த்தால் தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடித் தட்டை இறக்கிவிடுவேன். இரண்டு நாளில் அது இரை எடுக்கத் தொடங்கும். அவ்வளவுதான் தேவை. உங்களைத் தேற்றுவதற்காகச் செத்த ஆணின் குஞ்சைப் பற்றி எழுதினேன். அதன் பின்னால் உயிரோடு இருக்கிற ஒருவர் ஒளிந்துகொண்டார். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

என் வீட்டில் இடம் இருக்கிறது. அவளையும் குழந்தையையும் என்னிடம் அனுப்புங்கள். பயணச்சீட்டு, காகிதங்கள் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். என் விலாசத்தை அவள் கையில் கொடுத்தால் போதும்.

இது ஒன்றுதான் உங்களிடம் நான் கேட்பது. உங்களை நான் வெறுக்கவில்லை.

அண்ணன் மகள்


மார்ச் 25

அண்ணன் மகளுக்கு,

உன் கடுதாசிய பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டுப் படிச்சேன். அப்புறம் பாய்லர்ல போட்டுட்டேன். மூணு நாள் சோறு இறங்கல. நாலாம் நாள் சின்னவகிட்டப் போயி, இது நெசமாடின்னு கேட்டேன்.

அவ குழந்தைக்குத் துணி மாத்திக்கிட்டிருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. "உங்களுக்குத்தான் தெரியுமே அத்தை"ன்னா.

உனக்குப் பொய் எழுதி என்ன ஆகப்போகுது? போன மே மாசம், மத்தியானம். பெரியவன் இஸ்திரி மிஷின் திடீர்னு நின்னுச்சு. அது நின்னா எனக்குத் தெரியும், இருபது வருஷமாக் கேக்குற சத்தம். காயப்போடுற ரூம் கதவு சாத்துற சத்தமும் கேட்டுச்சு. சின்னவ உள்ள இருந்தா. எழுந்திரிச்சேன். ரெண்டு எட்டு வச்சேன். அப்புறம் திரும்பி வந்து உக்காந்து சாமி பாட்டை எடுத்தேன், சத்தமா. பாட்டு முடிஞ்சு மறுபடியும் முதல்லருந்து எடுத்தேன். மிஷின் ஓடுற வரைக்கும் பாடினேன். ஆண்டவன்கிட்ட, எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டேன். உன் விஷயத்துலயும் அப்படித்தான் சொன்னேன். அவர் நம்பினாரான்னு தெரியாது.

அவ சொன்னதைப் பெரியவ வாசல்ல நின்னு கேட்டுட்டா. வீடு ரெண்டுபட்டுச்சு. பெரியவன் என் தலையில அடிச்சு சத்தியம் பண்றான், இவ பொய் சொல்றான்னு. "அவ இருக்கணுமா நான் இருக்கணுமா, சொல்லும்மா. இப்பவே கடையப் பூட்டிட்டுப் போறேன். நீ யார் கையால கொள்ளி வாங்குவன்னு பாத்துக்க"ன்னான்.

நீ படிச்சவ. உனக்கு இருநூறு தொட்டி இருக்கும், தட்டு இறக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரிப்ப. எனக்கு இருக்கிறது ஒரு வீடு. ரெண்டு புள்ளையில ஒண்ணு மண்ணுக்குள்ள இருக்கு. மிச்சத்தையும் நானே தொலைக்கணுமா? இதுக்குப் பேரு பாவம்னா சுமந்துட்டுப் போறேன்.

ஞாயித்துக்கிழமை சின்னவள அனுப்பிட்டேன். குழந்தையக் குடுக்கல. குடுத்தா ஊரு கேக்கும். அது சின்னவன் குழந்தை, உன் முதல் கடுதாசி அதுக்கு சாட்சியா என்கிட்ட இருக்கு. கேக்குறவங்களுக்கு அதைத்தான் படிச்சுக் காட்டுறேன், நம்புறாங்க. பெரியவ பாட்டில் பால் புகட்டுறா. முதல்ல தொடமாட்டேன்னா. இப்ப இறக்கிவிடமாட்டேங்குறா.

சின்னவ சண்டை போடல. கத்தல. உன் விலாசத்தைக் கேட்டா, அது ஒண்ணுதான். "எந்த விலாசம்? எனக்குத் தெரியாது"ன்னேன்.

படியில இறங்கிட்டு நின்னா. உள்ள குழந்தை அழ ஆரம்பிச்சுது. அவ ரவிக்கை முன்பக்கம் ரெண்டு இடத்துல நனைஞ்சு பரவுறதைப் பாத்தேன். அவ கையக் குறுக்க வச்சு மறைக்கக்கூட இல்ல, அப்படியே என்னைப் பாத்துக்கிட்டு நின்னா. கதவை நான்தான் சாத்தினேன். சாத்தின பிறகும் ரொம்ப நேரம் காலடி சத்தம் கேக்கல. அப்புறம் கேட்டுச்சு. எந்தப் பக்கம் போனான்னு தெரியாது.

எனக்கு இனிமே எழுதாத.

இப்படிக்கு,
பெரியவனின் அம்மா